ஆறு இருக்கைகள் கண்ட ஆல்பிரட் வெர்னர்

மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் முதலில் வெளிறிய நீல வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்த்தால் அது கரைந்து, கண்ணைப் பறிக்கும் கருநீலமாக மாறும். பள்ளிச் சோதனைக் கூடத்தில் இதைப் பார்த்து வியக்காத மாணவியர் நம்மில் மிகச் சிலரே. இம்மாற்றத்தின் உட்பொருளை உலகுக்கு விளக்கியவர் ஆல்பிரட் வெர்னர் ஆவார்.

இவர் 1866ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலுள்ள மியூலூஸ் நகரில் பிறந்தார். அப்போது அது பிரான்சுக்கு உரியது. 1871இல் போரின் முடிவில் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. வீட்டில் பிரெஞ்சும் பள்ளியில் ஜெர்மனுமாகச் சிறுவன் வளர்ந்தான். பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்கு வந்து, அங்குள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே விளக்க வடிவியல் என்ற கணிதப் பாடத்தில் அவர் தேறவில்லை! பொருள்களின் உருவத்தை மனக்கண்ணால் காண்பதில் இணையற்றவர் என்று பின்னாளில் புகழ்பெற்றவர் இவரே என்பது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

1890இல் டாக்டர் பட்டம் பெற்ற அவரை அக்காலத்துப் புதிர் ஒன்று வாட்டியது. கோபால்ட் குளோரைடு அம்மோனியாவோடு சேர்ந்து பல நிற உப்புகளைத் தரும். மஞ்சள் உப்பில் ஆறு அம்மோனியா, செவ்வூதா உப்பில் ஐந்து, பச்சை உப்பில் நான்கு. மூன்றிலும் குளோரின் அணுக்கள் மும்மூன்றுதான். ஆனால் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினால் மஞ்சளில் மூன்று குளோரினும் உடனே வீழ்படிவாகும், செவ்வூதாவில் இரண்டுதான், பச்சையில் ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே ஒளிந்துகொண்டன? டென்மார்க் நாட்டுப் பேரறிஞர் யோர்கன்சன், அம்மோனியாக்கள் மணிமாலைபோல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன என்றார்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு வெர்னர் விழித்தெழுந்தார். விடை மனத்தில் நின்றது. அப்போதே எழுதத் தொடங்கி மறுநாள் மாலை ஐந்து மணி வரை எழுதினாராம். அக்கட்டுரை 1893இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கோபால்ட் நடுவே வீற்றிருக்கிறது. அதைச் சுற்றி ஆறு இருக்கைகள் உள்ளன. நான்கு பக்கமும் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அம்மோனியா குறைந்தால் காலியான இருக்கையில் குளோரின் வந்து அமர்ந்துவிடும். அமர்ந்த குளோரின் எளிதில் எழுந்து வராது. வெளியே நிற்பது மட்டுமே வெள்ளியிடம் அகப்படும். எவ்வளவு எளிய விளக்கம்!

ஆனால் கட்டுரையில் புதிய சோதனை எதுவும் இல்லை. அனுபவமற்ற இளைஞனின் கற்பனை என்று பலர் ஒதுக்கினர். வெர்னரின் கணக்குப்படி, நான்கு அம்மோனியா உள்ள உப்பு இரு வகைப்பட வேண்டும்: இரு குளோரினும் எதிரெதிரே அமர்ந்தால் ஒன்று, பக்கத்தில் அமர்ந்தால் மற்றொன்று. பச்சை கையில் இருந்தது. மற்றது அகப்படவே இல்லை. 14 ஆண்டுகள் தேடி, 1907இல் ஊதா நிற உப்பை வெர்னர் செய்து காட்டினார். முதியவரான யோர்கன்சன் தம் கொள்கை தோற்றதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இத்தகைய எதிராளி கிடைத்தது வெர்னரின் பேறு என்றே நாம் எண்ணுகிறோம்.

நெடுங்காலம் அவருடைய மாணவர்கள் நிலவறை அறைகளில் வேலை செய்தனர். சூரிச் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முன்னதாகவே கதவு திறந்த இடம். அங்கு வந்த ஆங்கிலப் பெண் எடித் ஹம்ஃப்ரி வெர்னரிடம் ஆராய்ந்து 1901இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆக்கிய கோபால்ட் படிகங்களுள் சில பாதுகாக்கப்பட்டு, 1991இல் லண்டன் வேதியியல் கழகத்துக்குப் பரிசாக அளிக்கப்பட்டன. அம்மையார் 102 வயது வரை வாழ்ந்தார்.

வலக்கை இடக்கைபோல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு கோபால்ட் சேர்மங்களை 1911இல் பிரித்துக் காட்டியதும் எஞ்சிய ஐயமும் தீர்ந்தது. அவை ஒளியைத் திருப்பும் திறன் பெற்றிருந்தன. 1913இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்குள் உடல் தளர்ந்திருந்தது. மூளை இரத்தக் குழாய்கள் தடித்து, 1919 நவம்பர் 15 அன்று, 53 வயது நிறையும் முன்பே மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் எக்ஸ் கதிர்கள் அவர் சொன்ன எண்முக உருவத்தைப் பிளாட்டினச் சேர்மம் ஒன்றில் கண்டு உறுதிசெய்தன.

நம் இரத்தத்திலுள்ள இரும்புக்கும் ஆறு இருக்கைகளே. ஐந்து நிரம்பியிருக்க, ஆறாவதில் ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. கரிப்புகையின் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அதே இருக்கையைப் பிடித்துக்கொள்வதால்தான் மூடிய அறையில் கரியடுப்பு உயிருக்கு உலை வைக்கிறது. இந்த ஆறாவது இருக்கையையே இக்கால அறிஞர்களும் பயன்படுத்துகின்றனர். கோபால்ட் அணைவுச் சேர்மத்தை நுண்துளைகள் நிறைந்த பாலிமருக்குள் பதித்து, ஓர் இருக்கையை மட்டும் காலியாக விடுகிறார்கள். கரைசலில் திரியும்போது இரு கோபால்ட்கள் ஒரே ஆக்சிஜனைப் பற்றி வீணாகிவிடும். பாலிமர்ச் சுவர் அவற்றைத் தனித்தனியே நிறுத்துகிறது. பாலிமர் உருவாகும்போது ஓர் அச்சு மூலக்கூறை அருகே வைத்துப் பிறகு அதைக் கழுவி எடுத்தால், அதே வடிவுள்ள குழி மிஞ்சும். அக்குழிக்குள் பொருந்தும் விருந்தாளி மட்டுமே காலி இருக்கையை எளிதில் அடையும்.