அகதிகளின் தோழர் அருள்தந்தை பேத்ரோ அருப்பே

இயேசு சபையின் உலகத் தலைவராக 18 ஆண்டுகள் இருந்த அருள்தந்தை பேத்ரோ அருப்பே அவர்களை நம்மில் பலர் ஹிரோஷிமாவோடு சேர்த்தே அறிந்திருக்கிறோம். அதற்கு வெகு முன்பே அவர் தம் நாட்டை இழந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர் 1907 நவம்பர் 14 அன்று ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில் பிறந்தார். மத்ரித்தில் படித்துவந்த மருத்துவத்தைப் பாதியில் விட்டு 1927ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1932 ஜனவரியில் ஸ்பெயின் அரசு இயேசு சபையைக் கலைத்து ஆணையிட்டது. 24 வயது அருப்பே தம் உடன் துறவியரோடு எல்லை கடந்தார். பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் அமெரிக்காவிலும் படிப்பைத் தொடர்ந்தார். 1936ல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் அந்நிய மண்ணில்தான். 1938ல் ஜப்பான் சென்றார். 1941 டிசம்பரில் உளவாளி என்ற சந்தேகத்தின் பேரில் அங்கும் ஒரு மாதம் சிறை.

1945 ஆகஸ்டு 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவர் நகருக்கு வெளியே நகாத்சுகாவில் நவதுறவியரின் பொறுப்பாளராக இருந்தார். துறவு இல்லம் மருத்துவமனையானது. பாதியில் விட்ட மருத்துவப் படிப்பு அன்று கைகொடுத்தது. 150க்கும் மேற்பட்டோருக்கு அங்கே சிகிச்சை நடந்தது, பெரும்பாலோர் பிழைத்தனர்.

1965 மே 22 அன்று சபைத் தலைவரானார். அவர் எடுத்த முடிவுகள் பல. உரோமையில் சிலருக்கு அவை உவப்பாக இல்லை என்பதும் தெரிந்ததே. அகதிகளைப் பற்றியது மட்டும் இங்கே. 1979 கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் வியட்நாம் மக்கள் படகுகளில் கடலில் தத்தளித்தனர். துறைமுகங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பின. அருப்பே அவர்கள் சுமார் 20 மாநிலத் தலைவர்களுக்குத் தந்தி அனுப்பி, என்ன செய்ய முடியும் என்று கேட்டார். பணமும் பொருளும் ஆட்களும் வந்தன. 1980 நவம்பர் 14, தமது 73வது பிறந்த நாளில், இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார்.

உணவுப் பொட்டலத்தோடு முடியும் பணியாக அவர் அதை எண்ணவில்லை. அகதியோடு வாழ்வது, அவருக்குப் பணி செய்வது, அவர் உரிமைக்காக அரசுகளிடம் பேசுவது என்ற மூன்றும் அதன் நோக்கமாயின. மூன்றாவதுதான் எப்போதும் கடினம். 1981 ஆகஸ்டு 6 அன்று பாங்காக்கில் முகாம் பணியாளர்களைச் சந்தித்து, செபத்தை விட்டுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். மறுநாள் உரோமை விமான நிலையத்தில் பக்கவாதம் தாக்கியது. பேச்சு குன்றியது. 1983 செப்டம்பரில் பொறுப்பைத் துறந்தார்.

அதே 1983 ஜூலையில்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்து, படகுகள் இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கின. 1990ல் அவர் தொடங்கிய அமைப்பு தமிழக முகாம்களுக்கு வந்து, முதலில் பிள்ளைகளின் படிப்பைக் கையில் எடுத்தது. 1991 பிப்ரவரி 5 அன்று அருப்பே அவர்கள் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். மூன்று மாதங்களில், நம் பூந்தமல்லிக்குச் சற்று அப்பால் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தொண்டு அமைப்புகள் முகாமுக்குள் செல்லவே கட்டுப்பாடுகள் வந்தன. சிலர் செய்த குற்றத்தின் நிழல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேல் விழுந்தது. பூந்தமல்லியில் சிறப்பு முகாம் என்ற பெயரில் பல ஆண்டுகள் இயங்கியது உண்மையில் ஒரு சிறைதான்.

இதே மக்களில் ஒரு பகுதியினர் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு நாடுகளுக்குச் சென்றனர். அங்கே மனு, விசாரணை, மேல்முறையீடு என்று ஒரு சட்டப் பாதை உண்டு. முதலில் நுழைந்த நாடே மனுவை விசாரிக்க வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டின் டப்ளின் ஒப்பந்தம் போன்ற இறுக்கமான விதிகளும் இருந்தன, பலர் மறுக்கப்பட்டனர். ஆனால் ஏற்கப்பட்டவர் காலப்போக்கில் அந்நாட்டுக் குடிமகனாக முடிந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. தனி அகதிச் சட்டமும் இல்லை. அரிசியும் உதவித்தொகையும் தமிழக அரசு தருகிறது, நன்றியோடு சொல்ல வேண்டும்; குடியுரிமை அதன் கையில் இல்லை.

அம்பத்தூரிலிருந்து புழல் காவாங்கரை முகாம் வெகு தூரமில்லை. 2021ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகளில் மூன்றைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஏதுமில்லை.