மணலில் எழுதிப் படித்த வெள்ளைக்காரர்

தரங்கம்பாடியில் ஒரு வீடு. தரையில் மணல் பரப்பி இருக்கிறது. சிறுவர்கள் விரலால் அ, ஆ எழுதுகிறார்கள். அவர்கள் நடுவே ஒரு வெள்ளைக்காரரும் உட்கார்ந்து எழுதுகிறார்!

அவர் யார் தெரியுமா?

அவர்தான் சீகன்பால்க். ஜெர்மனிக்காரர். டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியார்.

தரங்கம்பாடி கடலோரத்தில் உள்ள சிறிய ஊர். 1620-ம் ஆண்டில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் அனுமதியுடன் டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள்.

1706 ஜூலை மாதம் சீகன்பால்க் அங்கு வந்து இறங்கினார். கூட வந்தவர் புளுட்சோ. கோட்டை அதிகாரி அவர்களை முகம் கொடுத்து வரவேற்கவில்லை.

மதம் பரப்ப வந்தவருக்குத் தமிழ் தெரியாது. வயதான வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோடு தமது பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். சொல்லிக் கொடுக்க வந்தவர், மாணவர் ஆனார்!

சிறைவாசம்

1708-ல் ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசினார். அதிகாரிக்குக் கோபம் வந்தது. சீகன்பால்க்கைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறை!

வெளியே வந்ததும் மீண்டும் தமிழ்ப் பணி. ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை பெரிய எழுத்துகள். காகிதம் போதவில்லை. ஆகவே, சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஊர் மக்களுக்குக் கேள்வி

அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது.

என்ன சாப்பிடுகிறீர்கள்? கல்யாணம் எப்படி நடக்கும்? நோய் வந்தால் என்ன மருந்து? இப்படித் தமிழர்களிடம் அவரும் அவருடைய நண்பர் குருண்ட்லரும் கடிதம் மூலம் கேட்டார்கள். வந்த பதில் கடிதங்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் வெளியாயின.

பதில் எழுதியவர்கள் பயப்படவில்லை. வெள்ளைக்காரர்கள் குடிப்பதையும், சுத்தம் இல்லாமல் இருப்பதையும் கண்டித்து எழுதினார்கள். அதையும் மறைக்காமல் அனுப்பி வைத்தார் சீகன்பால்க்!

அச்சேறாத நூல்கள்

தமிழர்களின் வாழ்க்கை, வழிபாடு பற்றி 1711-ல் ஒரு நூல் எழுதினார். தெய்வங்களைப் பற்றி 1713-ல் இன்னொரு நூல். ஜெர்மனியில் இருந்த மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதைப் பரப்பவா என்று கேட்டார்கள். அச்சிட மறுத்துவிட்டார்கள்.

1719 பிப்ரவரி 23-ந் தேதி சீகன்பால்க் காலமானார். வயது 36. தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தெய்வங்களைப் பற்றிய நூல் 1867-ல் சென்னையில் அச்சாயிற்று. மற்ற நூல் வெளிவந்தது 1926-ல்! இரண்டையும் அவர் அச்சில் பார்க்கவில்லை.

2004-ல் சுனாமி அந்த ஊரைத் தாக்கியது. கோட்டையும் ஆலயமும் இன்றும் நிற்கின்றன. கல்லில் கட்டியவை அவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் மக்கள் என்ன உண்டார்கள், என்ன நினைத்தார்கள் என்பதோ காகிதத்தில் நிற்கிறது.

மணலில் எழுதிப் பழகிய கை அதைக் காப்பாற்றித் தந்தது.