டாக்டர் வில்லியம் விதரிங்

நோய்க்கு மருந்து இன்னதென்று அறிந்தோர் எந்நாட்டிலும் எக்காலத்தும் உளர். அம்மருந்தை எவ்வளவு கொடுப்பது, எப்பொழுது நிறுத்துவது என்பனவற்றை ஆராய்ந்து வரையறுத்தோர் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய டாக்டர் வில்லியம் விதரிங் என்பார். இன்றும் இருதய நோயாளர்க்கு வழங்கப்படும் டிகாக்ஸின் என்னும் மருந்தின் வரலாறு அவர் சரித்திரத்தோடு பிணைந்து கிடத்தலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விதரிங் 1741-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஷ்ராப்ஷயர் நாட்டுப்புறத்து வெல்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்து கூட்டிக் கொடுத்து வைத்தியம் புரிந்தவர். எடின்பரோ சர்வகலாசாலையில் பயின்று 1766-இல் வைத்தியப் பட்டம் பெற்ற விதரிங், மாணவராயிருந்த காலத்தில் தாவர நூலைச் சிறிதும் விரும்பினாரில்லை. பின்னர் ஸ்டாஃபோர்டு நகரில் தொழில் நடத்தியபொழுது, மலர்களை வண்ணந்தீட்டுவதில் வல்லவரான ஹெலனா குக்ஸ் என்னும் நங்கையார்க்காகச் செடிகொடிகளைத் தேடிக் கொணரத் தொடங்கினார். 1772-இல் அவரையே மணந்துகொண்டார். வெறுத்த நூல் விருப்பத்திற்குரியதாயிற்று. பிரிட்டன் தேசத்துத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1776-இல் வெளிவந்தது.

1775-இல் அவர் பர்மிங்ஹாம் நகரிற் குடியேறினார். செல்வர் பலர் அவரை நாடினர். ஆயினும் நாடோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியஞ் செய்வதை அவர் கைவிட்டாரல்லர். ஆண்டொன்றுக்கு அவ்வாறு வந்தோர் 2,000 முதல் 3,000 பேர் வரை ஆவர்.

அக்காலத்தில், உடம்பில் நீர் கோத்துக் கால்களும் வயிறும் வீங்கி மூச்சு முட்டும் சோபை நோய்க்கு வைத்தியரிடம் நல்ல மருந்தில்லை. ஷ்ராப்ஷயரில் வாழ்ந்த முதியவள் ஒருத்தி, கற்ற வைத்தியர் கைவிட்ட நோயாளரிற் சிலரை ஒரு குடும்ப மருந்தினால் குணப்படுத்தி வந்தாள். அதனை இரகசியமாகவே காத்துவந்தாள். அம்மருந்தைப் பற்றி 1775-இல் விதரிங்கின் கருத்துக் கேட்கப்பட்டது. அதில் இருபதுக்குக் குறையாத மூலிகைகள் கலந்திருந்தன. தாவர நூல் அறிந்த அவர்க்கு, அவற்றுள் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையே என்பது விரைவிற் புலனாயிற்று. செந்நீல மலர்கள் கைவிரலுறைபோலத் தொங்கும் அச்செடிக்கு நூலோர் வழங்கும் பெயர் டிஜிட்டாலிஸ் என்பது.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், முன்னர்க் கட்டிடத் தொழில் புரிந்து பின்னர் வறுமையுற்ற ஒருவர், மூச்சுமுட்டலும் வயிற்றில் நீருமாக வந்தார். விதரிங் அவர்க்கு அவ்விலையின் கஷாயத்தைக் கொடுத்தார். சில நாட்களில் நீர் பெருகி வெளிப்பட்டது, வீக்கம் வடிந்தது, நோயாளர் பசியெடுத்து உண்ணலானார்.

பிறராயின் இவ்வெற்றியை உடனே பறைசாற்றியிருப்பர். விதரிங்கோ பத்தாண்டு பொறுத்திருந்தார். தொடக்கத்திற் கொடுத்த அளவு மிகுதியென்பதையும், அடுத்தடுத்துக் கொடுத்தது தகாதென்பதையும் அவர் கண்டார். பருவத்திற்கேற்ப இலையின் வலிமை மாறுபடுதலின், செடி பூக்குங் காலத்தில் மட்டும் இலையைப் பறிக்கலானார். கொதிக்கவைத்தால் வீரியம் ஒரு நிலையில் நில்லாமையால், உலர்த்திய இலைப்பொடியையே மேலாகக் கொண்டார். ஒன்று முதல் மூன்று கிரெயின் எடைக்குள் அடங்கும் பொடியை நாளைக்கு இருமுறை கொடுத்து, நாடி தளர்ந்தாலும், குமட்டல் தோன்றினாலும், நீர் பெருகினாலும், வயிறு கழிந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டுமென்று வரையறுத்தார்.

இவ்வரையறையின் இன்றியமையாமையை ஒரு நிகழ்ச்சி காட்டும். யார்க்ஷயரைச் சேர்ந்த வணிகர் ஒருவரைப் பார்க்க அவர் அழைக்கப்பட்டார். நோயாளர் ஓயாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. நாடி நிமிஷத்திற்கு 40 முறையே துடித்தது. கணவரின் இளைப்பைப் போக்கக் கருதிய மனைவி, பச்சிலையில் ஒரு பெரும்பிடியை வேகவைத்து, அந்நீர் முழுவதையும் ஒரே வேளையிற் குடிப்பித்திருந்தாள். அவள் தேர்ந்த மூலிகை சரியே. அளவுதான் அவளுக்குத் தெரியவில்லை. கணவர் அரிதில் உயிர் தப்பினார்.

மருந்தின் புகழ் பரவப் பரவ, அளவறியாதார் கையில் அது நோயாளரைக் கெடுக்கும். கெடுத்தபின் நல்ல மருந்தென்றும் பாராது உலகம் அதனைத் தள்ளிவிடும். இவ்விரண்டையும் அஞ்சியே விதரிங் 1785-இல் தம் நூலை வெளியிட்டார். அதில் 150-க்கு மேற்பட்ட நோயாளரின் செய்திகள் உள்ளன. குணமானவரை மட்டும் தெரிந்தெடுக்காமல், குணமாகாதவரையும் இறந்தவரையும் மறையாமல் எழுதினார். மிகை அளவில் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றுமென்பதையும், நாடி 35-க்கும் இறங்கி மரணமும் நேருமென்பதையும் குறித்துவைத்தார்.

இம்மருந்து சிறுநீரைப் பெருக்குவதென்றே அவர் கருதினார். எனினும் இருதயத்தின் இயக்கத்தில் அதற்குத் தனியாற்றல் உண்டென்பதை உணர்ந்திருந்தார். பிற்கால ஆராய்ச்சி அதனை விளக்கிற்று. 1930-இல் ஸிட்னி ஸ்மித் என்னும் ரசாயன நூலார், அவ்வினத்து மற்றொரு செடியிலிருந்து டிகாக்ஸினைப் பிரித்தெடுத்தார். இருதயத் தசையின் உயிரணுச் சுவரில், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உட்கொணரும் நுண்ணிய இறைப்பான் உண்டு. டிகாக்ஸின் அதனைத் தடுக்க, உள்ளே சோடியமும் அதனைத் தொடர்ந்து கால்ஷியமும் மிகுந்து, தசை வலிவுடன் சுருங்குகின்றது. வேகஸ் நரம்பின் வழியே அது தாறுமாறாக ஓடும் இருதயத்தின் வேகத்தையும் அடக்குகின்றது. இருதயம் செவ்வனே இயங்கவே, சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் சென்று, கோத்த நீர் வெளிப்படுகின்றது.

பயன்படும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி மிகக் குறுகியது. உட்கொண்டதிற் பாதி உடம்பை விட்டு நீங்க ஒன்றரை நாள் அளவு செல்லும். முதியோர்க்கும் சிறுநீரகம் நலிந்தோர்க்கும் இன்னும் தாமதமாகும். ஆதலின் விரைந்து கொடுக்குந்தோறும் மருந்து உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நீர் பிரிக்கும் சில மருந்துகள் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்து இதன் நஞ்சை மிகுவிக்கும். வெராபமில், அமியோடரோன் போன்றவை இதன் அளவை உயர்த்தும். இந்நாள் வைத்தியர் மில்லிகிராமில் காற்பங்கும் அதனினுங் குறைந்ததுமாகிய மாத்திரை கொடுத்து, நாடியையும் இரத்தத்தையும் சோதிப்பதன் காரணம் இதுவே. 1997-இல் வெளியான, 6,800 நோயாளரைக் கொண்ட ஆராய்ச்சியில், இம்மருந்து இருதயத் தளர்ச்சியுற்றோரின் மரணத்தைக் குறைக்கவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியிற் சேர நேர்வதைக் குறைத்தது. ஆதலின் இன்று இது முதல் மருந்தாகாமல், வேண்டியார்க்கு மட்டும் வழங்கப்படுகின்றது. நம் தோட்டத்து அரளியிலும் இவ்வினத்து நஞ்சு உண்டு. பச்சிலைதானே என்று எதனையும் அளவறியாமல் உட்கொள்வது எத்துணைக் கேடென்பதை இதனால் அறியலாம்.

விதரிங் பல்லாண்டு நுரையீரல் நோயால் வருந்தி, 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் தம் 58-ஆம் வயதில் காலமானார். எட்ஜ்பாஸ்டன் ஆலயத்திலுள்ள அவரது நினைவுக் கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடி செதுக்கப்பட்டுள்ளது. வருங்காலத்தில் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் விளங்கப்போகும் நம் மாணவர், மருந்து கொடுக்குந்தோறும் அதனை நிறுத்தவேண்டிய குறியையும் நெஞ்சிற் கொள்வாராயின், அப்பெரியார் பட்ட பத்தாண்டுப் பாடு அவர்களிடத்தும் பயன் தருவதாகும்.