கண்ணைப் பறித்த ஊசியே எழுத்தாணி ஆயிற்று!
ஆறு புள்ளியில் உலகைப் படிக்கவைத்த லூயி பிரெயில்

பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் விரல் நுனியால் பாடம் படிப்பவர்கள். தடித்த தாளில் மேடு மேடாகப் புள்ளிகள். அவைதான் எழுத்து. அந்த எழுத்தைத் தந்தவர் தாமிரபரணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்!

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சிற்றூர். 1809 ஜனவரி 4-ந் தேதி அங்கே லூயி பிரெயில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதுப் பிள்ளை ஒருநாள் பட்டறைக்குள் புகுந்தது. அப்பாவைப் போலத் தோலில் துளை போடப் பார்த்தது. குத்தூசி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்வைத்து மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன.

பெற்றோர் பிள்ளையை மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. தகப்பனார் கைத்தடி செய்து கொடுத்தார். தட்டித் தட்டி ஊர்த் தெருக்களைத் தானே நடந்து பழகினான் சிறுவன். ஊர்ப் பள்ளிக்கும் போனான். காதால் கேட்டே பாடம் படித்தான்.

பத்து வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே இருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துக்களையே பெரிதாகப் புடைக்க அச்சிட்டிருந்தார்கள். ஒரு புத்தகமே ஒரு சுமை! தடவித் தடவி ஒரு வரி படிப்பதற்குள் முதல் சொல் மறந்துவிடும். எழுதவோ வழியே இல்லை.

பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, இருட்டிலும் தொட்டுப் படிக்கக்கூடிய புள்ளி எழுத்தை அமைத்திருந்தார். ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை வரும். விரல் நுனிக்குள் அடங்காது. அதை ஆறு புள்ளியாகக் குறைத்தார் பிரெயில். அப்போது (1824) அவருக்கு வயது பதினைந்துதான்! இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. அதிலிருந்து 63 அடையாளங்கள் கிடைத்தன. தாளில் புள்ளி குத்த வேண்டிய கருவி எது தெரியுமா? கூர்மையான ஒரு சிறு குத்தூசி! வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் சம்பாதித்தார். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுத்துக்குத்தான் கஷ்டகாலம். 1840-ல் வந்த புதிய தலைவர் அதை ஒதுக்கினார். கண்ணுள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்ற எண்ணம் அக்காலத்தில் பலருக்கு இருந்தது. படிக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களைக் கேட்க ஆளில்லை! மாணவர்கள் விடவில்லை. ஒளித்து ஒளித்து எழுதினார்கள்.

காசநோய் பிரெயிலை அரித்தது. 1852 ஜனவரி 6-ந் தேதி, 43 வயதில் இறந்தார். அந்தப் பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-ல்!

பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் முறை 1951-ல் வகுக்கப்பட்டது. தமிழும் அதில் உண்டு. 'அ' என்றால் ஒரே ஒரு புள்ளி. நாம் 'கொ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போடுகிறோம். அவர்களுக்கு அந்தச் சுற்று இல்லை. முதலில் 'க', அடுத்து 'ஒ'. அவ்வளவுதான்.