தொட்டி நீர் கற்பித்த பாடம்

1857-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தவர் ரொனால்ட் ராஸ். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த அவர், 1883-இல் பெங்களூருக்குப் படை மருத்துவராக வந்தார். அவரது இல்லத்தில் கொசுத்தொல்லை மிகுதியாக இருந்தது. சன்னலுக்கு அருகிலிருந்த தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்ற அவரது யோசனைக்கு அதிகாரி இசையவில்லை.

கொசுவால் மலேரியா பரவுகிறது என்பது அன்று நிறுவப்படவில்லை. ஆகவே நீரைத் தேக்கியவர்களைக் குற்றவாளிகள் எனக் கூற இயலாது. ஆயினும் அவர்கள் அறியவில்லை என்பதற்காக நோய் எவரையும் விட்டுவைக்கவில்லை. அறியாமல் தொடும் குழந்தையையும் நெருப்பு சுடவே செய்கிறது.

ராஸ் அறியாமையோடு அமைதி கொள்ளவில்லை. 1895-இல் காலராத் தடுப்புப் பணிக்காக மீண்டும் பெங்களூர் வந்தபோதும் மலேரியாவைப் பற்றிய சிந்தனை அவரை விடவில்லை. 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசுக்கடியால் பறவைகளுக்கு அந்நோய் பரவுவதை நிறுவினார். 1902-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதன்பின்னும் பல நாடுகளில் கொசு ஒழிப்பை வலியுறுத்தி வந்த அவர் 1932-இல் மறைந்தார்.

1883-இல் தேங்கிய நீர் அறியாமையின் விளைவு; இன்று அது அலட்சியத்தின் விளைவு. அறிய வழியில்லாதவனை அறம் பொறுத்துக்கொள்ளும். வழியிருந்தும் அறிய முயலாதவன், தெரியாது என்று கூறித் தன் பொறுப்பிலிருந்து விலக முடியாது. அறியாமையைப் போக்கிக்கொள்வதும் மனிதனின் கடமையே.