தையல்காரி சொன்னது பலித்தது!
புற்று நோயின் குடும்ப ரகசியத்தைக் கண்ட டாக்டர் வார்த்தின்

அவள் ஒரு தையல்காரி. நல்ல உடல்நலம் உள்ளவள். ஆனால், முகத்தில் எப்போதும் சோகம்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரில் அவள் வசித்தாள். டாக்டர் ஆல்டிரெட் ஸ்காட் வார்த்தின் என்பவருக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்தாள்.

1895-ம் ஆண்டில் ஒரு நாள், அவளது கவலைக்குக் காரணம் என்ன என்று டாக்டர் விசாரித்தார். அவள் சொன்ன பதில் அவரைத் திடுக்கிட வைத்தது.

தன் குடும்பத்தில் பலர் வயிற்றிலோ, குடலிலோ, கருப்பையிலோ புற்று நோய் வந்து இறந்தார்கள் என்றும், தானும் அப்படியே இளம் வயதில் சாகப் போவது நிச்சயம் என்றும் அவள் கூறினாள்.

வேறு ஒருவராக இருந்தால், வீண் பயம் என்று சொல்லி அனுப்பியிருப்பார். வார்த்தின் அப்படிச் செய்யவில்லை. அவளது குடும்பக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இசையும் மருத்துவமும்

வார்த்தின், 1866-ம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் இசை பயின்று, இசை ஆசிரியர் பட்டம் பெற்றார். பிறகு மருத்துவத்தில் நாட்டம் சென்றது. 1891-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகி, நோய்க்குறியியல் துறையின் தலைவராக உயர்ந்தார்.

நோயாளியின் உடலில் இருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்து, இன்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்ணால் கண்டதைத்தான் அவர் நம்புவார்.

48 பேரில் 17 பேர்

தையல்காரியின் தாத்தா ஜெர்மனியில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அவரது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றி வார்த்தின் பல ஆண்டுகள் விவரம் சேகரித்தார்.

1913-ல் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். தாத்தாவின் வழிவந்த 48 பேரில் 17 பேரைப் புற்று நோய் தாக்கியிருந்தது. கருப்பையிலும் இரைப்பையிலும்தான் அதிகம். குடும்பத்தின் பெயரை வெளியிடாமல், "ஜி குடும்பம்" என்று மட்டும் குறிப்பிட்டார்.

சில குடும்பங்களில் புற்று நோய் பரம்பரையாக வருகிறது என்பது அவர் முடிவு. பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதனிடையே, தையல்காரியின் பயம் பலித்துவிட்டது. கருப்பையில் புற்று நோய் கண்டு, 50 வயதை எட்டும் முன்பே அவள் இறந்தாள். அவள் சொன்னதை நம்பிய டாக்டரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று அதற்கு வழி இல்லை.

வார்த்தினிடமும் குறை உண்டு. நோய் உள்ள பரம்பரை பெருகக் கூடாது என்ற கொள்கையை அவர் ஆதரித்தார். அது தவறு என்று பின்னாளில் உலகம் உணர்ந்தது.

1931-ல் வார்த்தின் காலமானார்.

பிழை எங்கே?

ஜி குடும்பத்தின் விவரங்கள் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தன. ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டரிடம் அவை வந்து சேர்ந்தன. அவர் அந்தக் குடும்பத்தாரை மீண்டும் தேடிப்பிடித்து, 1971-ல் புதிய கட்டுரை வெளியிட்டார். இந்த நோய்க்கு இன்று லிஞ்ச் நோய் என்றே பெயர்.

காரணம் என்ன? நம் உடல் அணுக்கள் பெருகும்போது, அவற்றில் உள்ள மரபுச் செய்தி நகல் எடுக்கப்படுகிறது. நகலில் பிழைகள் விழும். அச்சகத்தில் பிழை திருத்துபவர் இருப்பது போல, அதைத் திருத்தவும் மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் பிழைகள் குவியும். அதனால் புற்று நோய் உண்டாகலாம்.

அப்படிப்பட்ட ஒரு மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2000-ம் ஆண்டில், ஜி குடும்பத்தில் கெட்டுப்போயிருப்பதும் அதுவே என்று தெரிந்தது. தாய் அல்லது தந்தையிடம் அந்தக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இன்று வழி உண்டு

இப்போது ரத்தப் பரிசோதனையில் இதை அறியலாம். கோளாறு உள்ளவர்கள் 20, 25 வயதில் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிறு கட்டி தென்பட்டால், அது புற்று நோயாக மாறும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். கோளாறு இல்லை என்று தெரிந்தவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள்.

குடும்பத்தில் யார் யார் எந்த நோயால் இறந்தார்கள் என்று டாக்டர்கள் கேட்பது வீண் கேள்வி அல்ல. பெரியவர்களிடம் விசாரித்து, தெரிந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தத் தையல்காரி சொன்னாள். அவளது குடும்பத்தார் பிழைக்க அதுவே வழி திறந்தது.