பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுயிக்



கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்கும். பொங்கல் அன்று முருகனுக்குப் பூச்சூட்டிய கையோடு அவருக்கும் ஒரு முழம் பூச்சூட்டுவார் என் அப்பத்தா. அவர்தாம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக். எங்கள் பக்கத்தில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசினேன். பணம் போதாமல் அரசாங்கம் கைவிட்ட அணையை, இங்கிலாந்திலிருந்த தம் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கட்டி முடித்தார் என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்த பின் ஒரு நண்பர் அருகில் வந்தார். இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தமிழர் அவர். விற்றதற்குச் சான்று உண்டா என்று அமைதியாகக் கேட்டார். பின்னர், தம் வீடு அந்த அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பதையும், அடைமழை இரவுகளில் தம் தாயார் உறங்காமல் விழித்திருப்பதையும் சொன்னார். எனக்குச் சோறு தந்த அணை அவருக்கு அச்சம் தருகிறது! இரண்டுக்கும் என்னிடம் விடையில்லை. வெட்கத்தோடு நூலகம் புகுந்தேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பென்னிகுயிக் 1841 சனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தை படைத்தலைவர். 1849இல் சில்லியன்வாலாப் போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது சிறுவனுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும் ஆடிஸ்கோம் படைக் கல்லூரியிலும் பயின்று, பொறியாளராக 1860இல் மீண்டும் இந்திய மண்ணை மிதித்தார். சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறை அவருடைய களமாயிற்று.

அந்நாளில் மதுரைச் சீமையும் இராமநாதபுரச் சீமையும் வானம் பார்த்த பூமிகள். மலைக்கு மேற்கே பெரியாறு பெருக்கெடுத்து அரபிக் கடலில் வீணே கலக்கும். கிழக்கே வையை மணலாய்க் கிடக்கும். அந்த ஆற்றை மறித்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் என்ன? இந்த எண்ணம் பென்னிகுயிக்குக்கு முதலில் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதி மன்னரின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை, மலையை ஆராய்ந்து வர ஆட்களை அனுப்பினார். செலவுக்கு வழியின்றி அது நின்றது. 1808இல் பார்வையிட்ட கால்டுவெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டில் மக்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றது. பசித்த வயிறுகளே பழைய ஏட்டைத் தூசு தட்டி எடுக்க வைத்தன.

1882இல் திட்டம் வகுக்கும் பணி பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்துக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. 1887இல் வேலை தொடங்கியது. யானையும் புலியும் உலவும் காடு, விடாத மழை, குளிர் காய்ச்சல். சுண்ணாம்பும் பிற பொருள்களும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேற வேண்டும். ஆற்றைத் தடுக்க இட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் ஒருமுறையன்று, பலமுறை அடித்துக்கொண்டு போயிற்று. மனம் உடைந்து திரும்பியிருந்தால் யார் அவரைக் குறை கூறியிருப்பார்கள்? அவர் திரும்பவில்லை. ஆற்றோடு மல்லுக்கட்டி, சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொண்டு ஏறத்தாழ 1,200 அடி நீளத்தில், ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணையை எழுப்பினார். மலையின் வயிற்றில் ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் குடையப்பட்டது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது!

இனி என் நண்பரின் முதல் கேள்விக்கு வருவோம். அந்தத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கென்சி அதன் வரலாற்றை 1899இல் நூலாக்கினார். பெரியாற்றுத் திட்டம் அரசாங்கத் திட்டமாகவே தொடங்கி, அரசாங்கப் பணத்திலேயே முடிந்தது என்பதே வரலாறு. சொத்தை விற்ற கதைக்கு அதில் இடமில்லை. அது நன்றி மிகுந்த நெஞ்சங்கள் கட்டிய கதை. அக்கதையை இழப்பதால் அவர் புகழ் குன்றுமா? குன்றாது. பணம் கொடுப்பது ஒரு நாள் செயல். அடித்துப்போன கரையை மறுபடியும் மறுபடியும் கட்டுவது ஆண்டுக்கணக்கான தவம். பொய்ப் பொன்முலாம் பூசி அத்தவத்தை மறைத்தவன் நான்.

இன்னொன்றும் கற்றேன். அணையின் அருகே ஓர் இடுகாடு இருக்கிறது. வேலை நடந்த காலத்தில் நோயால் இறந்தவர் 483 பேர் என்பது கணக்கு. மதுரைப் பக்கத்துக் கூலியாட்கள், சென்னைப் பயனியர் படை வீரர்கள், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்கள் எனப் பல திசை மக்கள் அங்கே உழைத்தார்கள். அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களுக்குப் பூச்சூட்ட எந்த அப்பத்தாவும் இல்லை. ஓர் ஊரின் வரலாறு என்பது ஒருவர் வரலாறு மட்டுமா?

பென்னிகுயிக் 1896இல் ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை கூறவும் சென்றுவந்தார். 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லியில் கண் மூடினார். லோயர் கேம்ப்பில் 2013இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. கேம்பர்லியிலும் 2022இல் சிலை எழுந்தது.

இன்று அணை கேரள மண்ணில் நிற்கிறது. தமிழ்நாடு அதைப் பேணுகிறது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்கும் வாதமும் ஓயவில்லை. அணையின் வலிமையை வல்லுநர்கள் அளக்கட்டும். ஆனால் விழித்திருக்கும் ஒரு தாயின் அச்சத்தை எள்ளி நகையாடும் உரிமை எனக்கு இல்லை. வாடும் பயிரைக் கண்டு கலங்கும் எங்கள் ஊர் உழவரின் கவலையை மறுக்கும் உரிமை என் நண்பருக்கும் இல்லை. நண்பரின் இரண்டாம் சொல்லுக்கு இன்று நான் கூறக்கூடிய விடை இவ்வளவே.

வரும் விடுமுறையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நான் வண்டிப்பெரியாற்றுக்குப் போகிறேன். நண்பர்களே, உங்கள் ஊர்ப் பெரியோர்களின் கதைகளையும் கேளுங்கள், நன்றியோடு கேளுங்கள், சான்றோடு எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு அப்பத்தாவிடம் இன்னொரு முழம் பூக் கேட்பேன். அது அந்த 483 பேருக்கு.